எத்தனை பேர் விட்டார்கள்?



கையடக்கக் கருவி ஒன்றோடு கணக்கெடுப்பாளர் வீட்டு வாசலில் நிற்கிறார். வீட்டில் பதினைந்து வயது நிரம்பியவர்கள் யார் யார் என்று கேட்டுப் பதிந்துகொள்கிறார். திண்ணையில் இருக்கும் பெரியவர், "எதுவா இருந்தாலும் என்கிட்ட கேளுங்க தம்பி" என்று முன்வருகிறார். கருவி சீட்டுக் குலுக்குவது போல ஒரு பெயரை எடுக்கிறது. அடுப்படியில் இருக்கும் மருமகளின் பெயர் வருகிறது. பெரியவரின் முகம் சுருங்குகிறது. ஆனாலும் மருமகளைத்தான் கேட்டாக வேண்டும். வாசலுக்கு வருபவரையே கேட்டுக்கொண்டு போனால், பகலில் வீட்டில் இருப்பவர்களின் கணக்குத்தான் கிடைக்கும், நாட்டின் கணக்கு கிடைக்காது.

உலக வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பு இந்தியாவில் இப்படித்தான் இரண்டு முறை நடந்தது. 2009-10இல் 69,296 பேரையும் 2016-17இல் 74,037 பேரையும் நேரில் கண்டு கேட்டார்கள். முதல் கேள்வி எளிமையானது: புகையிலையை இப்போது தினமும் புகைக்கிறீர்களா, தினமும் இல்லாமல் எப்போதாவதா, அறவே இல்லையா?

எளிமையான கேள்விக்குள் ஒரு கண்ணியும் இருக்கிறது. "ஏதாவது பழக்கம் உண்டா?" என்று கேட்டிருந்தால், சுருக்குப்பையில் வெற்றிலையோடு ஒரு துண்டுப் புகையிலையும் வைத்திருக்கும் பாட்டி, "எனக்கு ஒரு கெட்ட பழக்கமும் கிடையாதுப்பா" என்றுதான் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. தமிழில் 'பழக்கம்' என்றால் சிகரெட்டும் குடியும், அதிலும் ஆண்களுடையவை. வெற்றிலை போடுவது அந்தச் சொல்லுக்குள் வராது. அதனால்தான் கணக்கெடுப்பில் பீடி, சிகரெட், சுருட்டு, வெற்றிலையோடு போடும் புகையிலை, கைனி, குட்கா, மூக்குப்பொடி என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லித் தனித்தனியே கேட்க வேண்டியிருக்கிறது. ஒரு பெயர் விட்டுப்போனால், அதைப் போடுகிறவர் அத்தனை பேரும் கணக்கிலிருந்து காணாமல் போவார்கள்.

புகையிலைத் தடுப்பு என்றதும் எச்சரிக்கைப் படம், வரி, தடைச்சட்டம், விளம்பரம் ஆகியவைதான் நினைவுக்கு வரும். அவற்றுக்கெல்லாம் பின்னால், யார் கண்ணிலும் படாமல் நடக்கும் எண்ணும் வேலையைப் பற்றியது இந்தச் சொற்பொழிவு. அந்த வேலையை யார் செய்வது, எப்போது தொடங்குவது, அதற்கான செலவு எங்கிருந்து வருவது, எண்ணி முடித்த பின் அந்த எண்ணை யார் கேட்பது என்ற நான்கு கேள்விகளைச் சுற்றியே இது செல்கிறது.

ஏரியின் அளவுகோல்

இந்தத் துறையில் அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படும் இரண்டு சொற்கள் உண்டு: கண்காணிப்பு, மதிப்பீடு. கண்காணிப்பு என்றவுடன் காவல் நிலையமும் கேமராவும் நினைவுக்கு வருவது இயல்பு. பொதுச் சுகாதாரத்தில் அதன் பொருள் வேறு. ஒரே கேள்வியை, ஒரே முறையில், குறிப்பிட்ட இடைவெளியில் விடாமல் கேட்டுக்கொண்டே இருப்பதுதான் அது.

மழைக்காலம் வந்தால் செம்பரம்பாக்கம் ஏரியில் இன்று எத்தனை அடி என்று சென்னைவாசிகள் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். முழுக் கொள்ளளவுக்கு 24 அடி. அந்த அளவுகோலைத் தினமும் பார்த்துக் குறிப்பது கண்காணிப்பு. போன ஆண்டைவிட இரண்டடி கூடியிருக்கிறதே, அது மழையால் வந்ததா, வரத்துக்கால்வாயைத் தூர்வாரியதால் வந்ததா என்று பிரித்துச் சொல்வது மதிப்பீடு. தூர்வாரியவர் தன்னால்தான் என்பார். பிடிக்காதவர் மழையால்தான் என்பார். தூர்வாருவதற்கு முந்தைய ஆண்டுகளின் அளவும், தூர்வாராத பக்கத்து ஏரியின் அளவும் கையில் இல்லாவிட்டால் இருவர் பேச்சையும் மறுக்க வழியில்லை.

கலிபோர்னியா

இந்தப் பாடத்தைப் பெரிய அளவில் முதலில் நடத்திக் காட்டியது கலிபோர்னியா. 1988 நவம்பரில் அந்த மாநில வாக்காளர்கள் 'முன்மொழிவு 99' என்ற சட்டத்துக்கு நேரடி வாக்கெடுப்பில் ஒப்புதல் தந்தார்கள். சிகரெட் பாக்கெட்டுக்கு 10 சென்ட்டாக இருந்த மாநில வரி 1989 ஜனவரி 1 முதல் 35 சென்ட் ஆனது. கூடுதலாக வந்த பணத்தில் 20 சதவீதம் புகையிலைக்கு எதிரான கல்விக்கும் 5 சதவீதம் ஆய்வுக்கும் ஒதுக்கப்பட்டது. திட்டத்தின் பலனை அளந்து காட்ட வேண்டும் என்பதும் சட்டமன்றம் விதித்த கட்டளை. 1990இல் கலிபோர்னியா புகையிலைக் கணக்கெடுப்பு தொடங்கியது. தொலைபேசி வழியாக ஆயிரக்கணக்கான வீடுகளை அழைத்து, பெரியவர்களையும் பதின்வயதினரையும் கேட்டார்கள்.

அதே 1990 ஏப்ரலில் தொலைக்காட்சி விளம்பரங்கள் வந்தன. முதல் விளம்பரமே பேசப்பட்டது. புகை மண்டிய அறையில் சிகரெட் நிறுவன அதிகாரி போல வேடமிட்ட நடிகர், செத்துப்போகும் வாடிக்கையாளர்களுக்குப் பதிலாகப் புதியவர்கள் நாள்தோறும் தேவைப்படுகிறார்கள் என்று சக அதிகாரிகளிடம் பேசுவார். நுரையீரல் படத்தைக் காட்டி அறிவுரை சொல்லும் பழைய பாணிக்கு இது நேர் எதிர்.

1992 ஜனவரியில் ஆளுநர் பீட் வில்சன் அந்த விளம்பரங்களை நிறுத்தினார். அமெரிக்க நுரையீரல் சங்கம் வழக்குத் தொடுத்தது. சில மாதங்களில் நீதிமன்றம் விளம்பரங்களைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னது. ஆனால் திட்டத்தின் வேகம் பழையபடி திரும்பவில்லை.

இந்த ஏற்ற இறக்கமே ஆய்வாளர்களுக்கு அளவுகோலாக அமைந்தது. 2000ஆம் ஆண்டு நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் கரோலின் ஃபிக்டன்பெர்க், ஸ்டான்டன் கிளான்ட்ஸ் இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கலிபோர்னியாவின் இதயநோய் மரணங்களை அமெரிக்காவின் மற்றப் பகுதிகளோடு ஒப்பிட்டதில், பழைய போக்கே தொடர்ந்திருந்தால் நேர்ந்திருக்கக் கூடியதைவிட 1989 முதல் 1997 வரை 33,300 மரணங்கள் குறைவாக நேர்ந்திருந்தன. அதே ஆய்வில் இன்னோர் எண்ணும் உண்டு. திட்டம் தொடக்க வேகத்திலேயே போயிருந்தால், இன்னும் 8,300 மரணங்கள் தவிர்ந்திருக்கும். ஒரு திட்டத்தைச் செய்ததன் பலனையும், அதைத் தளர்த்தியதன் விலையையும் ஒரே தாளில் எழுதிக்காட்ட முடிந்தது. இரண்டையும் எழுத வைத்தது, மாநிலத்திலும் நாட்டிலும் ஆண்டுதோறும் ஒரே முறையில் எழுதப்பட்டு வந்த விற்பனைக் கணக்கும் மரணப் பதிவும்தான்.

ஃபுளோரிடாவும் மினசோட்டாவும்

1997 ஆகஸ்டில் ஃபுளோரிடா மாநிலம், சிகரெட் நிறுவனங்கள் மேல் தொடுத்திருந்த வழக்கைச் சமரசத்தில் முடித்துக்கொண்டு பெருந்தொகை பெற்றது. அதில் ஒரு பகுதியை வைத்து இளையோருக்கான திட்டம் ஒன்றை வகுத்தார்கள். அங்கே ஒரு புத்திசாலித்தனமான காரியம் நடந்தது. 'ட்ரூத்' என்ற விளம்பர இயக்கம் 1998 ஏப்ரலில் வெளிவருவதற்கு முன்பே, பிப்ரவரியில் பள்ளி மாணவர்களிடம் கணக்கெடுப்பை முடித்துவிட்டார்கள். தூர்வாருவதற்கு முந்தைய நீர்மட்டத்தைக் குறித்து வைத்தது போல.

இரண்டே ஆண்டுகளில் நடுநிலைப் பள்ளி மாணவர்களில் சிகரெட் பிடிப்பவர்கள் 18.5 சதவீதத்திலிருந்து 11.1 ஆகவும், உயர்நிலைப் பள்ளியில் 27.4இலிருந்து 22.6 ஆகவும் இறங்கினார்கள். முதல் கணக்கெடுப்பை மூன்று மாதம் தாமதித்திருந்தால் இந்த இறக்கத்தின் முழு உயரம் தெரிந்திருக்காது.

நல்ல எண்கள் வந்ததால் நிதி பெருகியதா? இல்லை, சட்டமன்றம் நிதியைக் குறைத்தது. பல ஆண்டுகள் கழித்து, 2006இல், ஃபுளோரிடா வாக்காளர்களே அரசியல் சட்டத் திருத்தத்தின் மூலம் இந்தத் திட்டத்துக்கென வழக்குத் தொகையில் ஒரு பங்கை உறுதிசெய்ய வேண்டியிருந்தது.

மினசோட்டாவின் கதை அறக்கட்டளைச் சொற்பொழிவு ஒன்றில் சொல்லத் தகுந்தது. ஓர் அறக்கட்டளையில் முதலைத் தொடுவதில்லை, வட்டியில்தான் காரியம் நடக்கும். மினசோட்டாவும் அப்படித்தான் செய்தது. 1998 மே மாதம் இதே போன்ற வழக்கில் கிடைத்த தொகையில் ஒரு பகுதியை நிரந்தர வைப்பாக வைத்து, அதன் வருமானத்தில் இளையோர் புகையிலைத் தடுப்பை நடத்தியது. 2003இல் மாநில பட்ஜெட்டில் பற்றாக்குறை வந்தது. முதலையே எடுத்துவிட்டார்கள். பதின்வயதினருக்கான விளம்பர இயக்கம் அந்த ஜூலையில் நின்றது.

விளம்பரம் நின்றாலும் அளப்பவர்கள் இன்னும் நிற்கவில்லை. 12 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளிடம், சிகரெட் பிடிக்க மனம் சாயுமா என்று அறியும் கேள்விகள் முன்பே கேட்கப்பட்டிருந்தன. இயக்கம் நின்ற ஜூலையில், சாய்வுள்ளவர்கள் 43.3 சதவீதம். அதே ஆண்டு நவம்பர், டிசம்பரில் மறுபடி கேட்டபோது 52.9 சதவீதம். ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஒரு திட்டத்தை நிறுத்தினால் என்ன ஆகும் என்பது பெரும்பாலும் யாருக்கும் தெரிவதில்லை, ஏனென்றால் திட்டத்தை நிறுத்தும்போது அதை அளக்கும் ஆளையும் சேர்த்தே அனுப்பிவிடுவார்கள்.

நிறுவனம் எடுத்த விளம்பரம்

இதே காலத்தில் பிலிப் மாரிஸ் நிறுவனமும், யோசித்துப் பார், புகைக்காதே என்ற பொருள்படும் விளம்பர இயக்கம் ஒன்றைத் தொலைக்காட்சியில் நடத்திக்கொண்டிருந்தது. சிகரெட் விற்பவரே பிள்ளைகளிடம் புகைக்காதே என்று சொல்வதில் என்ன குறை காண முடியும்?

2000இல் நாடு முழுதும் பரவிய ட்ரூத் இயக்கத்தை நடத்தியவர்கள், தங்கள் விளம்பரத்தின் பலனை அறியத் தொலைபேசிக் கணக்கெடுப்பு ஒன்றைத் தொடர்ந்து நடத்தினார்கள். அதிலேயே நிறுவனத்தின் விளம்பரத்தைப் பற்றியும் கேட்டார்கள். 2002இல் மேத்யூ ஃபாரலி குழுவினர் முடிவை வெளியிட்டார்கள். ட்ரூத் விளம்பரத்தைப் பார்த்த பிள்ளைகளிடம் புகையிலைக்கு எதிரான மனப்போக்கு வலுத்திருந்தது. நிறுவனத்தின் விளம்பரத்தைப் பார்த்தவர்களிடமோ, எதிர்காலத்தில் புகைக்கலாம் என்ற எண்ணம் சற்றுக் கூடுதலாக இருந்தது. பார்ப்பதற்கு ஒரே பக்கம் நிற்பது போலத் தோன்றிய இரண்டு விளம்பரங்களை இப்படி இரண்டாகப் பிரித்தது வினாத்தாள்தான்.

1999க்கும் 2002க்கும் இடையில் அமெரிக்க மாணவர்களிடையே சிகரெட் பழக்கம் 25.3 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அந்த இறக்கத்தில் ஏறக்குறைய 22 சதவீதம் ட்ரூத் இயக்கத்தால் விளைந்தது என்று அதே குழு 2005இல் கணக்கிட்டது. மீதி வரியாலும் விலையேற்றத்தாலும் பிறவற்றாலும் வந்தது. முழுப் புகழையும் தனக்கே எடுத்துக்கொள்ளாமல் இவ்வளவுதான் என் பங்கு என்று சொல்ல முடிந்ததுதான் அந்த எண்ணுக்கு மதிப்பைத் தந்தது.

பத்தில் ஒரு பங்கு

இந்த அனுபவங்களை அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் புகைபிடித்தல், சுகாதாரப் பிரிவு கையேடுகளாக்கியது. 1999இல் வந்த வழிகாட்டி, ஒவ்வொரு மாநிலமும் தன் புகையிலைத் தடுப்பு நிதியில் 10 சதவீதத்தைக் கண்காணிப்புக்கும் மதிப்பீட்டுக்கும் ஒதுக்க வேண்டும் என்றது. 2001இல், ஒரு மாநில அலுவலர் எங்கெங்கே கையை நீட்டினால் என்னென்ன தரவு கிடைக்கும் என்று பட்டியலிட்ட கையேடு ஒன்றும் வந்தது.

அத்தகைய பட்டியலில் சுவாரசியமே, தரவு எத்தனை எதிர்பாராத இடங்களில் கிடக்கிறது என்பதுதான். 1984 முதல் மாநிலங்கள் நடத்திவரும் தொலைபேசிக் கணக்கெடுப்பு ஒன்று. பள்ளிகளில் நடக்கும் கணக்கெடுப்புகள் சில. வரித் துறையிடம் இருக்கும் பாக்கெட் எண்ணிக்கை. தாய் கர்ப்ப காலத்தில் புகைத்தாரா என்று 1989 முதல் கேட்கும் பிறப்புப் பதிவுப் படிவம். 1992இல் வந்த சைனார் திருத்தத்தின்படி, வயது நிரம்பாத பிள்ளைகளை அதிகாரிகளே கடைக்கு அனுப்பி, கடைக்காரர் சிகரெட் கொடுக்கிறாரா என்று பார்க்கும் சோதனை. சட்டத்தை மீறி விற்ற கடைகளை 20 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவராத மாநிலம் மத்திய நிதியில் ஒரு பகுதியை இழக்க நேரும்.

மனிதர்கள் சொல்வதை மட்டும் நம்பாமல் உடலையே கேட்கும் வழியும் உண்டு. நிக்கோடின் உடலில் கோட்டினின் என்ற பொருளாக மாறுகிறது. இரத்தத்திலோ உமிழ்நீரிலோ அதை அளந்துவிடலாம். 1988 முதல் 1991 வரை அமெரிக்காவில் நடந்த தேசிய உடல்நல ஆய்வில், புகையிலையைத் தொடாத பெரியவர்களில் 37 சதவீதம் பேர் மட்டுமே தங்கள் வீட்டிலோ வேலையிடத்திலோ பிறர் புகை உண்டு என்றார்கள். ஆனால் இரத்தத்தைச் சோதித்தபோது, நான்கு வயதுக் குழந்தை முதல் முதியவர் வரை, புகையிலையைத் தொடாதவர்களில் 88 சதவீதம் பேரிடம் கோட்டினின் இருந்தது. தாங்கள் பிறர் புகையைச் சுவாசிப்பதே பலருக்குத் தெரியவில்லை. உணவகங்களிலும் அலுவலகங்களிலும் தடை பரவியபின், 2011-12இல் இந்த அளவு 25.3 சதவீதமாக இறங்கியது. 3 முதல் 11 வயது வரையிலான குழந்தைகளிடம் மட்டும் அப்போதும் 40 சதவீதத்துக்கு மேல். சட்டம் அலுவலகத்துக்குள் போக முடிந்தது, வீட்டுக்குள் போக முடியவில்லை.

தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருப்பதன் பலன் 2018இல் தெரிந்தது. தேசிய இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பில், மின்-சிகரெட் பிடிக்கும் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 2017இல் 11.7 சதவீதம், 2018இல் 20.8, 2019இல் 27.5. இரண்டே ஆண்டில் இரட்டிப்புக்கும் மேல். 2018 டிசம்பரில் அமெரிக்கத் தலைமை மருத்துவர் இதைக் கொள்ளைநோய் என்றே அறிவித்தார்.

இங்கே அந்தப் பாட்டியின் சுருக்குப்பை மறுபடி நினைவுக்கு வருகிறது. பென் டிரைவ் போலிருந்த 'ஜூல்' கருவியைப் பிள்ளைகள் மின்-சிகரெட் என்று சொல்வதே இல்லை. அவர்களுக்கு அது ஜூல், அவ்வளவுதான். 2019 வினாத்தாளில் ஜூல் என்ற பெயரையும் எடுத்துக்காட்டாகச் சேர்த்தார்கள். அதே ஆண்டு காகிதத்திலிருந்து மின்னணுத் திரைக்கும் மாறினார்கள். அதனால் 2019இன் எண்ணை முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிடும்போது எச்சரிக்கை தேவைப்பட்டது. பழைய கேள்வியையே கேட்டால் புதிய பொருள் நழுவிவிடும். கேள்வியை மாற்றினால் பழைய ஆண்டுகளோடு ஒப்பிடும் நூல் அறுந்துவிடும். கணக்கெடுப்பு நடத்துபவர்களை இன்றுவரை தூங்கவிடாத சிக்கல் இது.

2025 ஏப்ரல் 1 அன்று அமெரிக்கச் சுகாதாரத் துறையில் நடந்த பெரும் ஆட்குறைப்பில், இத்தனை கையேடுகளை எழுதிய அந்தப் புகையிலைப் பிரிவே ஆட்களை இழந்து நின்றது.

இந்தியாவின் கணக்கு

எண்ணிப் பார்க்கும் வேலை இந்தியாவுக்குப் புதிதன்று. 1960களின் பிற்பகுதியில் மும்பை டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் பல்மருத்துவ ஆய்வுக் குழு, ஃபாலி மேத்தாவின் தலைமையில், ஐந்து மாவட்டங்களின் கிராமங்களில் 50,000க்கும் அதிகமானவர்களின் வாயை வீடு வீடாகப் போய்ப் பார்த்துப் பதிந்தது. ஸ்ரீகாகுளத்தில் சுருட்டின் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் புகைக்கும் வழக்கம் உண்டு. அது மேலண்ணத்தில் என்ன செய்கிறது என்பதை அந்தக் குழு விரிவாக எழுதியது.

பின்னர் அதே குழு எர்ணாகுளம், பாவ்நகர், ஸ்ரீகாகுளம் மாவட்டங்களில் புகையிலை பயன்படுத்தும் 36,000 பேரைத் தேர்ந்தெடுத்து, ஆண்டுதோறும் வாயைப் பரிசோதித்து, விட்டுவிடச் சொல்லி நேரிலும் ஊடகங்கள் வழியாகவும் எடுத்துச் சொன்னது. முந்தைய ஆய்வில் அறிவுரை எதுவும் பெறாமல் பின்தொடரப்பட்டவர்களே ஒப்பீட்டுக் குழு. 1986இல் லான்செட் இதழில் ஐந்தாண்டு முடிவு வெளிவந்தது. புற்றுநோய்க்கு முன்னோடியான வெண்படலம் அறிவுரை பெற்றவர்களிடம் புதிதாகத் தோன்றுவது குறைந்திருந்தது. கலிபோர்னியா வரியை உயர்த்துவதற்கு முன்பே, இந்தியக் கிராமங்களில் அளந்து காட்டப்பட்ட மதிப்பீடு அது.

சென்னையும் தன் பங்கைச் செய்திருக்கிறது. அடையாறு புற்றுநோய் நிறுவனம் 1980களின் தொடக்கத்திலிருந்து சென்னை நகரின் புற்றுநோய்ப் பதிவேட்டைப் பேணிவருகிறது. வேந்தன் கஜலட்சுமி, ரிச்சர்ட் பீட்டோ உள்ளிட்டோர் 2003இல் வெளியிட்ட ஆய்வு, சென்னையிலும் விழுப்புரம் கிராமங்களிலும் இறந்த 43,000 ஆண்களின் குடும்பங்களையும், உயிரோடிருந்த 35,000 ஆண்களையும் ஒப்பிட்டது. நுரையீரல் புற்றுநோயை எதிர்பார்த்தவர்களுக்கு அதன் முடிவு அதிர்ச்சி தந்தது. புகைத்தவர்கள் காசநோயால் இறப்பது, புகைக்காதவர்களைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு. மேலை நாட்டு எண்களை எடுத்து இங்கே ஒட்டியிருந்தால் இது தெரியவே வந்திருக்காது.

ஒவ்வொரு ஊராட்சியிலும் நகராட்சியிலும் நிரப்பப்படும் இறப்புப் பதிவுப் படிவத்திலும் இதற்கான இடம் இருக்கிறது. இறந்தவர் புகைப்பவரா, எத்தனை ஆண்டுகள், புகையிலை மென்றாரா, எத்தனை ஆண்டுகள், பாக்கு மென்றாரா என்று அந்தப் படிவம் கேட்கிறது. துக்க வீட்டிலிருந்து வந்து நிற்பவரிடம் அந்தக் கேள்வி கேட்கப்படுகிறதா, அல்லது கோடு போட்டு விடப்படுகிறதா என்பதில்தான் அதன் பயன் இருக்கிறது.

இப்போது வாசலில் நின்ற கணக்கெடுப்பாளரிடம் திரும்பலாம். இந்தியப் பெரியவர்களில் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்துபவர்கள் 2009-10இல் 34.6 சதவீதம். 2016-17இல் 28.6. தலை எண்ணிக்கையில் ஏறத்தாழ 81 லட்சம் பேர் குறைவு. வீட்டுக்குள் பிறர் புகையைச் சுவாசிப்பவர்கள் 52.3 சதவீதத்திலிருந்து 38.7க்கு இறங்கினார்கள். பாக்கெட்டின் 85 சதவீதப் பரப்பில் எச்சரிக்கைப் படம் என்ற விதி 2016 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சில மாதங்களில் இரண்டாம் கணக்கெடுப்பு தொடங்கியது. படத்தைப் பார்த்து விட்டுவிடலாமா என்று யோசித்த சிகரெட் பிடிப்பவர்கள் முதல் சுற்றில் 38 சதவீதம், இரண்டாம் சுற்றில் 62. பீடி பிடிப்பவர்களில் 29 சதவீதம் 54 ஆனது. எழுத்துக் கூட்டிப் படிக்க வராதவரையும் படம் எட்டுகிறது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி கிடைப்பது கடினம்.

தமிழ்நாட்டின் வரிசையிலோ எண் எதிர்த்திசையில் போயிருந்தது. 16.2 சதவீதம் 20 ஆக உயர்ந்திருந்தது. அந்த இரண்டு சுற்றுகளுக்கும் நடுவில்தான், 2013இல், மாநில அரசு குட்காவைத் தடைசெய்தது. தடை தோற்றது என்று ஒருவர் சொல்லலாம். தடை இல்லாவிட்டால் இன்னும் ஏறியிருக்கும் என்று இன்னொருவர் சொல்லலாம். நீர்மட்டம் ஏறியதைக் காட்டுவதோடு அளவுகோலின் வேலை முடிந்தது. காரணம் தேட, தடைக்கு முன்பும் பின்பும் மாவட்டவாரியாக, பொருள்வாரியாக எடுத்த கணக்கு வேண்டும். ஏழாண்டு இடைவெளியில் வந்த தேசியக் கணக்கெடுப்பால் அந்த வேலையைச் செய்ய முடியாது.

ஆறாம் வகுப்பு

அப்படிப்பட்ட வேலை சென்னையில் ஒருமுறை நடந்திருக்கிறது. 'மைத்ரி' என்ற பெயரில் 2004இல் தொடங்கிய ஆய்வு அது. டெல்லியிலும் சென்னையிலும் 32 பள்ளிகளைத் தேர்ந்தெடுத்து, சீட்டுப் போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பள்ளிகளில் இரண்டு ஆண்டுகள் வகுப்பறைப் பாடம், மாணவர்களே முன்னின்று நடத்திய நிகழ்ச்சிகள், பெற்றோருக்கான அட்டைகள். மறுபாதியில் வழக்கமான படிப்பு மட்டும். முடிவில், திட்டம் நடக்காத பள்ளிகளில் புகையிலைப் பழக்கம் 68 சதவீதம் கூடியிருந்தது. திட்டம் நடந்த பள்ளிகளில் 17 சதவீதம் குறைந்திருந்தது. திட்டம் நடந்த பள்ளிகளை மட்டும் பார்த்திருந்தால், சிறிய வெற்றி என்று எழுதி மூடியிருப்பார்கள். பக்கத்துப் பள்ளிகளில் என்ன நடந்தது என்று பார்த்ததால்தான் அதன் உண்மையான அளவு தெரிந்தது.

அந்த ஆய்வின் முதல் கணக்கெடுப்பிலேயே ஓர் எண் எல்லோரையும் நிறுத்தியது. பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைக் கேட்டதில், ஒருமுறையாவது புகையிலையைத் தொட்டவர்கள் எட்டாம் வகுப்பில் 9.3 சதவீதம், ஆறாம் வகுப்பில் 24.8. வயது ஏற ஏறப் பழக்கமும் ஏறும் என்பதுதான் எல்லா நாட்டுக் கணக்கும். இங்கே தம்பிகள் அண்ணன்களை மிஞ்சியிருந்தார்கள். கேள்வி புரியாமல் பதில் சொன்னார்களா, அல்லது ஒரு தலைமுறையே முன்னதாகத் தொடங்கிவிட்டதா என்ற விவாதம் எழுந்தது. 2006இல் இதை லான்செட் வெளியிட்டபோது, வரவிருக்கும் அலைக்கான எச்சரிக்கையாக ஆய்வாளர்கள் இதை எடுத்துக்கொண்டார்கள்.

2004இல் ஆறாம் வகுப்பில் இருந்த அந்தப் பிள்ளைகளுக்கு அப்போது பதினொரு வயது இருக்கும். 2016இல் கையடக்கக் கருவியோடு கணக்கெடுப்பாளர் மறுபடி வீடுகளுக்குப் போனபோது அவர்களுக்கு இருபத்து மூன்று. அந்தச் சுற்றில் 15 முதல் 24 வயது வரையிலானவர்களிடம் புகையிலைப் பழக்கம் நாடளவில் 18.4 சதவீதத்திலிருந்து 12.4 ஆக இறங்கியிருந்தது. எதிர்பார்த்த அலை அந்த வயதில் வரவில்லை. மைத்ரி வகுப்பறைகளில் உட்கார்ந்த பிள்ளைகளில் யாரேனும் ஒருவர் அந்த 74,037 பேருக்குள் இருந்திருக்கலாம். தினமுமா, எப்போதாவதா, அறவே இல்லையா என்ற கேள்விக்கு அவர் ஒரு பதிலும் சொல்லியிருப்பார். பதில் சொன்னவர் யார் என்று கணக்கெடுப்புகள் வெளியிடுவதில்லை. 2004இன் தாளையும் 2016இன் தாளையும் இணைத்துப் பார்க்க யாராலும் முடியாது.